மேளா மைக்கில் நான் உளறியது

போன வாரம் மைக்கில் பேசினேன். மேடை இல்லை, மாலை இல்லை, ‘தலைவர் அவர்களே’ என்று ஆரம்பிக்கவும் இல்லை. ஆற்றங்கரை மைதானம் கொள்ளாத ஜனம். மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. அதில் எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றை, என் சொந்தக் குரலில், விலாவாரியாக அறிவித்துவிட்டு வந்தேன்.

இதை எழுதும்போதும் காதை மஃப்ளரால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். குளிர் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலிலிருந்து வருகிறேன்.

எங்களுக்கு டாக்குரியாவில் வாடகை வீடு. எனக்குக் கார்டன் ரீச்சில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. கல்கத்தா வந்து இருபது வருஷம் ஆகிறது. மகள் அபிராமிக்குப் பதினாறு வயது, மகன் கார்த்திக்குக்குப் பதினான்கு. இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். சண்டை போடும்போது மட்டும் வங்காளத்துக்குப் போய்விடுவார்கள். அதில்தான் வேகம் கிடைக்கிறதாம்.

எதிர் ஃப்ளாட்டில் மௌமிதா, அபியின் வகுப்புத் தோழி. எங்களுக்கு மௌ. டிசம்பரில் ஒரு மாலை இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து என் முன்னால் நின்றார்கள். சேர்ந்து வந்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“காக்கு, சங்கராந்திக்கு மேளா போகணும். டெண்ட் போட்டுத் தங்கணும்” என்றாள் மௌ. காக்கு என்றால் சித்தப்பா. அவள் பேசுவது வங்காளம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

பீர்பூம் மாவட்டத்தில், அஜய் நதிக்கரையில், நம் பொங்கல் சமயத்தில் கூடுகிற பாவுல் மேளா அது. பாவுல் என்றால் ஊர் ஊராகப் பாடித் திரிகிறவர்கள் — கையில் ஒற்றைத் தந்தி வாத்தியம், காலில் சலங்கை. மூன்று நாள் விடாமல் பாட்டு. ஹோட்டல் கிடையாது. டெண்ட் அடித்து, வைக்கோல் பரப்பி, அதன் மேல் படுக்க வேண்டும்.

“பெரியவங்க யாராவது கூட வந்தாத்தான் அம்மா விடுவாங்க. நீங்க வரீங்கன்னு சொன்னதும் சரின்னுட்டாங்க.”

“நான் வரேன்னு எப்ப சொன்னேன்? அதுவும் என்னை எப்படி அவ்வளவு நம்பறாங்க?”

“உங்களை மாதிரி பயப்படற ஆள் எங்க குடும்பத்துல யாரும் இல்லையாம்.”

பாராட்டுதானா? இன்னும் தெரியவில்லை.

ஆனால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நாள் முழுக்கக் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்டு கிடார் சத்தம் கேட்கிற பிள்ளைகள். அவர்கள் ஒற்றைத் தந்தியைக் கேட்க வைக்கோலில் படுக்கத் தயார் என்றால்... அங்கே என்னதான் இருக்கிறது?

நான் போக வேண்டும் என்பதற்கு என் மனைவி வேறு ஒரு காரணம் வைத்திருந்தாள். “அங்கேயாவது பசங்ககிட்ட அந்த விஷயத்தைச் சொல்லிடுங்க.”

அந்த விஷயம் இதுதான். துர்கா பூஜை விடுமுறை முடிந்த கையோடு, சென்னைக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். “பசங்களைக் கேட்டுட்டுக் கொடுங்க” என்று மனைவி அப்போதே சொன்னாள். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை — உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான். இப்போது அதன் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கையில் ஒரு காகிதம் இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அரசாங்க உத்தியோகம் அப்படிப் பழக்கிவிட்டது.

தவிர, டெண்டுக்குக் கதவு கிடையாது. படாரென்று சாத்திக்கொள்ள முடியாது. பொருத்தமான இடம்தான் என்று முடிவு செய்தேன்.

தெருக் கிளப்பில் மலையேறுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு டெண்ட் இரவல் வாங்கினோம். ரயில், பிறகு பஸ், பிறகு நடை. ஆற்று மணலில் முளை நிற்கவில்லை. நான் ஒரு பக்கம் கயிற்றை இழுத்தால் மறுபக்கம் டெண்ட் உட்கார்ந்துவிடும். கடைசியில் பிள்ளைகள் என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார்கள். பத்தே நிமிஷத்தில் இரண்டும் நின்றன. ஒன்றில் நானும் கார்த்திக்கும். மற்றதில் பெண்கள் இருவரும், கூடவே சாப்பாட்டுப் பையும். என் காகிதம் அந்தப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில்தான் இருந்தது.

அன்று பகல் முழுக்க நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். மைதானமெங்கும் பெரிய பெரிய கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டுக் கோஷ்டி, பின்னால் ஒரு அடுப்பு. எதற்குள் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முன்னால் ஒரு தையல் இலை வந்துவிடும். அதில் ஆவி பறக்கிற கிச்சடி.

பரிமாறியவரைக் கேட்டேன்: “இது யாரோட விருந்து?”

“சாப்பிடறவங்களோடது, தாதா.” தாதா என்றால் இங்கே அண்ணன்.

நீங்கள் யார், எந்த ஊர், என்ன உத்தியோகம்? ஒருவர் கேட்கவில்லை. ஒரு மனிதனை இலையில் உட்கார வைத்துவிட்டு எந்த ஊர் என்று கேட்காமல் இருப்பது எப்படி முடிகிறது? என்னால் முடியாது. உங்களால் முடியுமா?

சாயங்காலம் ஒரு அம்மாள் பாடினார். ஐம்பது வயது இருக்கும். எதிரில் இருப்பவரிடம் ஏதோ சண்டைக்குப் போவதுபோல் ஆரம்பித்து, சமாதானமாகி, கடைசியில் சிரித்துக்கொண்டே முடித்தார். பாதி எனக்குப் புரியவில்லை. அபிக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் தன்னை மறந்து என் முழங்காலில் தாளம் போட்டாள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் என் மேல் கை வைத்து நான் பார்த்ததில்லை. இந்த நேரத்தில் போய் டிரான்ஸ்ஃபரைப் பற்றிப் பேசுவானேன்? காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் எழுந்தபோது ஒரே பனிமூட்டம். பெண்களைக் கூப்பிடப் போனேன். டெண்டின் முடிச்சு அவிழ்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. சாப்பாட்டுப் பை திறந்து கிடந்தது. பக்கவாட்டுப் பாக்கெட்டும்.

கையை விட்டுப் பார்த்தேன். காகிதம் இல்லை.

படித்துவிட்டாள்... படித்துவிட்டு, கோபத்தில் எங்கேயோ போய்விட்டாள். எதிரே பனிக்குள் ஆறு. அபிக்கு நீச்சல் தெரியாது. மௌ கூடப் போயிருப்பாளே? போயிருக்கலாம். அப்படியானால் தொலைந்திருப்பது என் பெண் மட்டுமல்ல; என் பயத்தை நம்பி ஒரு தாய் அனுப்பி வைத்த பெண்ணும்தான்.

கார்த்திக் குரங்குக் குல்லாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன்.

“அக்கா எப்படா போனா?”

“தூங்கும்போது எப்படிப்பா பார்ப்பேன்?”

“இங்கேயே இரு. நகராதே.”

“நகர்ற ஐடியாவே இல்லை.”

நான் ஓடினேன். முதலில் டீக்கடைக்காரர். இரண்டு பெண்களைப் பார்த்தீர்களா என்று கேட்டதும், கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னோடு வந்துவிட்டார். இரண்டு கொட்டகைகளுக்குள் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு போலீஸ்காரர், “பாட்டு கேட்க வந்த பொண்ணுங்க பாட்டு கேட்டுக்கிட்டிருப்பாங்க, தாதா” என்றார். சொல்லிவிட்டு, ஆற்றுப் பக்கம் ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஒரு கொட்டகை வாசலில் கண் தெரியாத பாடகர் ஒருவர் வெயிலுக்குக் காத்து உட்கார்ந்திருந்தார். அவரிடமும் கேட்டேன்.

“குரல் எப்படி இருக்கும்?” என்றார்.

மஞ்சள் ஸ்வெட்டர், இரட்டைப் பின்னல், இடது புருவத்தில் தழும்பு... எல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன். குரல்? பதினாறு வருஷமாகக் கேட்கிற குரலை எப்படி என்று சொல்லத் தெரியவில்லை.

மேளா கமிட்டியின் பந்தலுக்குப் போனேன். காணாமல் போனவர்களை அறிவிக்கிற இடம். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒரு இளைஞர் நோட்டைப் பிரித்தார்.

“ஆறு எவ்வளவு ஆழம்?” என்றேன்.

“இந்த மாசத்துல முழங்கால் வரைக்கும்தான், தாதா. படுத்தாத்தான் நனைய முடியும்.” அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. “பேரு, வயசு, டிரஸ் கலர் சொல்லுங்க. நான் அறிவிக்கறேன்.”

அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. பதினாறு வயதுப் பெண், மஞ்சள் ஸ்வெட்டர், வழி தெரியாமல் நிற்கிறாள் என்று வங்காளத்தில் மைதானம் பூராவும் அறிவிப்பதா? நல்லவன் மட்டுமா கேட்பான்? தமிழில் சொன்னால் அபிக்கு மட்டும்தானே புரியும்?

கல்கத்தாத் தமிழர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது. மார்க்கெட்டில் கடைக்காரர் எதிரிலேயே அவர் கத்தரிக்காயைப் பற்றி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் குறட்டையைப் பற்றி, டாக்டர் எதிரிலேயே டாக்டரைப் பற்றி... எங்களுக்குத் தமிழ் என்பது நாலு சுவர் வைத்த ஒரு அறை. போகிற இடமெல்லாம் கூடவே வரும். உள்ளே நின்று எதை வேண்டுமானாலும் பேசலாம்.

மைக்கை நானே வாங்கிக்கொண்டேன்.

“அபி... அப்பா பேசறேன். எங்க இருக்கியோ அங்கேயே நில்லு. ஆத்துப் பக்கம் மட்டும் போகாதே.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் குரலே எட்டுத் திசையிலிருந்தும் எனக்குத் திரும்பி வந்தது. பயம் இரண்டு மடங்கானது.

“அந்தப் பேப்பரைப் படிச்சிருப்பே. உங்கிட்ட கேக்காம டிரான்ஸ்ஃபருக்கு எழுதினது என் தப்புதான். அம்மா அப்பவே சொன்னா. மெட்ராஸ் வேண்டாம்னா வேண்டாம்மா. வாபஸ் வாங்கிடறேன். திட்டணும்னா வந்து திட்டு. மௌவை விட்டுட்டு எங்கேயும் போகாதே. அவங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும்...”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்துக் கொட்டகையில் பாட்டுகூட நின்றிருந்தது.

இளைஞர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பேரு ரொம்ப நீளமா இருக்கே, தாதா.”

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பந்தலுக்கு நேர் பின்னால் இருந்த கொட்டகையிலிருந்து இரண்டு பெண்களும் வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் பூசணிக்காய் நார். முந்தின நாள் பாடிய அந்த அம்மாள் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாராம். இவர்கள் கூட உட்கார்ந்து நறுக்கியிருக்கிறார்கள்.

அபி என் எதிரில் வந்து நின்றாள்.

“என்ன டிரான்ஸ்ஃபர்?”

“நீ... படிச்சுட்டல்ல?”

“எதை?”

“பையில இருந்த பேப்பரை.”

அவள் மௌவைப் பார்த்தாள். மௌ சால்வைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தாள். “காக்கு, இதுவா? பாட்டு எழுதிக்க ரஃப் பேப்பர்னு எடுத்தேன்.”

ஆபீசில் ஒரு பக்கம் டைப் அடித்துக் கழித்துப்போட்ட காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் கணக்குப் போடச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தவன் நான். எதிர் வீட்டு மௌவும் என் ஆபீஸ் காகிதத்தில்தான் அல்ஜீப்ரா போட்டாள். டைப் அடித்த பக்கத்தைப் படிக்கக் கூடாது, அது ஆபீஸ் விஷயம் என்பது என் கண்டிப்பான உத்தரவு. என் எந்த உத்தரவையும் இந்தப் பிள்ளைகள் இத்தனை சுத்தமாக நிறைவேற்றியதில்லை.

ஆக, அபிக்கு ஒன்றுமே தெரியாது. நான் மைக்கைப் பிடிக்கிற வரைக்கும்.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். ஒரு பக்கம் வங்காளத்தில் பாட்டு. திருப்பினாள். நின்றபடியே முழுக்கப் படித்தாள். பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை எனக்கு.

“சார், பாப்பா கிடைச்சிருச்சா?”

திரும்பினேன். இருபத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, பச்சை ஸ்வெட்டர். பக்கத்து ராணுவ முகாமிலிருந்து லீவு நாளில் மேளா பார்க்க வந்தவராம். மதுரைப் பக்கம்.

“நான் பேசினது... எல்லாம் கேட்டுதா?”

“நல்லாக் கேட்டுச்சு சார். எங்க செட்டுல நாலு பேரு நம்மாளுங்க. எல்லாரும் கேட்டோம்.”

என் நாலு சுவர் அறை அந்த நிமிஷத்தில் இடிந்து விழுந்தது.

அவர் அபியிடம் திரும்பினார். “தங்கச்சி, வேண்டாம்னு மட்டும் சொல்லிராதம்மா. நான் ஊர்ப் பக்கம் கேட்டு மூணு வருசமாச்சு. கிடைக்கல. உங்களுக்கு வேண்டாம்னா எனக்காவது மாத்திவிடச் சொல்லு.”

“அண்ணா, இங்க அனுப்பறதுக்கு முன்னாடி உங்களை யாராவது கேட்டாங்களா?”

“பட்டாளத்துல யாரும்மா கேப்பாங்க?”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். எனக்காக அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வரேன் சார் என்று போய்விட்டார்.

அபி காகிதத்தை மௌவிடம் கொடுத்துவிட்டு ஆற்றை நோக்கி நடந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நானும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். முழங்கால்கூட இல்லை. ஐஸ் மாதிரி இருந்தது.

“ஏன்ப்பா போகணும்?”

திட்டு வாங்கத் தயாராக வந்தவனிடம் கேள்வி கேட்டால் என்ன செய்வது? உனக்குத் தமிழ் எழுத வரவில்லை என்றேன்.

“ஆறாவது படிக்கும்போது சொல்லித் தாங்கன்னு கேட்டேன். டயர்டா இருக்குன்னீங்க.”

சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே என்றேன். “லீவுல வர்றாங்களே” என்றாள். காலேஜ், கல்யாணம் என்று ஏதேதோ ஆரம்பித்து, பாதியில் நானே நிறுத்திவிட்டேன். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அதுவரை எனக்கே தெரியாத உண்மை.

“இங்க உங்களுக்கு ஒண்ணுன்னா யார்கிட்டப் போய் நிக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா. இருபது வருஷமாத் தெரியல.”

அவள் நின்றாள். “இன்னிக்கு யார்கிட்டப் போனீங்க?”

சொன்னேன். டீக்கடைக்காரர், போலீஸ்காரர், கண் தெரியாத பாடகர்... கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“டீக்கடைக்காரர் கடையைப் போட்டுட்டா வந்தார்?”

“ஆமா.”

“ஏன் வந்தார்?”

“தெரியலையே.”

“கேக்கலையா? எல்லாரையும் எல்லாம் கேப்பீங்களே.”

செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள்.

“மைக்ல சொன்னதை நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்பா. அது பயத்துல சொன்னது. போனாலும் சரி, இருந்தாலும் சரி, முதல்ல எங்களைக் கேளுங்க. அவ்வளவுதான்.”

பிறகு, “அந்தக் கண் தெரியாத பாடகர் என் குரல் எப்படின்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க?” என்றாள்.

“சொல்லத் தெரியல.”

காலையில் கற்றுக்கொண்ட பாட்டில் நாலு வரி பாடினாள். ஆற்றின் நடுவில் நின்று கேட்டேன். எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்டாலும் பதில் இல்லை. ஆனால் இனி எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் கேட்டேன். அபி, “பிளஸ் டூவை இங்கேயே முடிக்கறேன். அப்புறம் மறுபடி கேளுங்க” என்றாள். கிரிக்கெட் கோச்சிங் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே, என்றான் கார்த்திக். மனைவி ரசத்தைப் பரிமாறிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். “பசங்களைக் கேளுங்கன்னு சொன்னேன். என்னைக் கேக்க வேண்டாம்னு எப்ப சொன்னேன்?”

இந்தத் திங்கட்கிழமை வாபஸ் கடிதத்தோடு ஆபீசில் ஹால்தார் பாபுவின் மேஜைக்குப் போனேன். எல்லா ஃபைலும் அவரிடம்தான். பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் இரண்டிலும் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதியிருந்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே குடும்பம்தானே, சார்?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பொய். முதல் விண்ணப்பத்தில் இருந்த குடும்பத்தில் என்னைத் தவிர யாருமே இல்லை.